இரண்டு உள்நோயாளிகளும் ஒரு ஜெபமும்

பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் குடித்தனம் நடத்திய காலம் முழுவதும் நான் இந்தச் சட்டத்தை மீறியதில்லை. குழம்பு வந்த கிண்ணம் சர்க்கரையோடு போகும். சர்க்கரை வந்த டம்ளர் முருங்கைக்காயோடு போகும் (டம்ளரில் முருங்கைக்காய் எப்படி நிற்கும் என்று கேட்காதீர்கள், நின்றது). இந்த நல்ல பழக்கத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு மலைக் கிராமத்தின் ஒரே மருந்தகத்தை மூட வைக்கப் பார்த்தேன்.

எமர்ஜென்சி முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் நர்ஸ் வேலையிலிருந்தும் என் வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டி கார்டு வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றிருந்தோம். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். அவருக்கு வீட்டில் பொழுது போகவில்லை. நான் காபியோடு வந்தால் பச்சைக் கொடி போலத் துண்டை ஆட்டுவார். தாமதமானால் விசில் ஊதுவார். இப்படியே போனால் வீட்டில் ஒரு கொலை விழும் என்று நான் பயந்துகொண்டிருந்தபோதுதான் ஞாயிறு ஆராதனையில் அந்த அறிவிப்பு வந்தது. ஜவ்வாது மலையில், நெல்லிவாசல் பக்கம், எங்கள் சபை நடத்தும் சின்ன மருந்தகத்தில் ஒரு வருடம் ஊழியம் செய்ய ஒரு தம்பதி தேவையாம். இளம் தம்பதிகள் எல்லோருக்கும் அன்றைக்கென்று ஜன்னலுக்கு வெளியே ஏதோ அழகாகத் தெரிந்தது. நான் கையைத் தூக்கினேன். அவர் கையையும் நானே தூக்கினேன்.

சபைச் செயலாளர் சாமுவேல் ஐயா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"வயசானவங்களா இருக்கீங்க. மூணு மாசம் பாப்போம். நான் நேர்ல வருவேன். சரியா நடக்கலன்னா மழைக்கு முன்னாடி மருந்தகத்த மூடிடுவோம். இன்னொண்ணு, நாம கொடுக்கப் போறவங்க. அந்த ஜனங்களே கஷ்டப்படறாங்க. அவங்ககிட்ட ஒரு பிடி சாமைகூட வாங்கக் கூடாது."

"நாங்க வாங்கறதா! கொடுத்தே பழகின கை ஐயா இது" என்றேன். (இன்னா திமிரு பாருங்க!)

மருந்தகம் என்றால் முன்னறையில் ஒரு பெஞ்சு, உள்ளறையில் இரண்டு இரும்புக் கட்டில், பின்பக்கம் ஒட்டினாற்போல் நாங்கள் இருக்க ஓர் அறை. அவ்வளவுதான். ஆனால் அது இல்லாவிட்டால் பிரசவ வலி வந்த பெண்ணைக் கம்பில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டும். நாங்கள் போன சில நாட்களிலேயே காளியம்மா என்ற பெண்மணி தன் மருமகளைக் கூட்டிவந்தாள். குழந்தை தலை திரும்பி, விடியும் வரை படாத பாடு படுத்திவிட்டுப் பிறந்தது. அதன் முதல் அழுகையைக் கேட்டதும் நானும் அழுதேன். மலை இறங்கியிருந்தால் வழியிலேயே இரண்டு உயிரும் போயிருக்கும். இந்தக் கதவைப் பூட்ட விடக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் காளியம்மா ஒரு சொம்பு நிறையத் தேன் கொண்டுவந்தாள்.

"வேணாம்மா. நாங்க எதுவும் வாங்கக் கூடாது" என்றேன்.

"இன்னா டாக்டரம்மா இப்படிச் சொல்றீங்க? பேரன் பொறந்துருக்கான். வெறுங்கையோட எப்படி வர்றது?" (நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.)

அவள் முகம் வாடிப்போனதைப் பார்க்க முடியாமல் வாங்கிக்கொண்டேன். சொம்பை வெறுமையாகக் கொடுக்க முடியுமா? சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். வாங்கவில்லை, மாற்றிக்கொண்டோம் என்று மனசாட்சிக்குச் சமாதானமும் சொல்லியாயிற்று.

சர்க்கரை வாங்கியவள் சும்மா இருப்பாளா? ஒரு கூடையில் சாமை அரிசி வந்தது. கூடை சோப்போடு போனது. சோப்புக்குப் பதிலாகப் பலாப்பழம் வந்தது. "அப்பாடா, இதுக்குப் பாத்திரம் இல்ல. சண்டை முடிஞ்சிது" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் அவ்வளவு பெரிய பழத்தைத் தூக்கிவந்தவளை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் புது டவலைக் கொடுத்தேன்.

அதோடு ஊருக்கே ரோஷம் வந்துவிட்டது. "காளியம்மா வூட்டுப் பழந்தான் இனிக்குமா? எங்க வூட்டுது கசக்குதா?" என்று கேட்டுக்கொண்டே ஆளாளுக்குப் பழத்தோடு வந்தார்கள். மாத்திரை ஒன்று கொடுத்தால் பழம் ஒன்று. தும்மலுக்கு ஒரு பழம். சொறிக்கு இரண்டு. என்னிடம் இருந்த சோப்பு, டவல், சீப்பு எல்லாம் தீர்ந்துபோய், வந்த பழத்தையே வருகிறவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். கிணற்றடி வீட்டுக்காரர் ஒருவர் நான் கொடுத்த பழத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க மரத்துப் பழமாச்சே டாக்டரம்மா!" என்றார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவரோ, அது சின்னப் பழமாக இருந்ததால்தான் திரும்பி வந்துவிட்டது என்று வெட்கப்பட்டு, பெரிதாக இரண்டு கொண்டுவந்து வைத்தார்.

பஸ் கண்டக்டர் மூலம் செய்தி வந்தது. சாமுவேல் ஐயா காலையில் வருகிறாராம்.

எங்கள் அறையில் கால் வைக்க இடமில்லை. கட்டிலுக்கு அடியில் பழம், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பழம், அவருடைய டிரங்குப் பெட்டிமேல் பழம். ஊர்க்காரர்களிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், ஒன்றுக்கு இரண்டாக வருமே! என் வீட்டுக்காரர் காலமெல்லாம் சரக்கு வண்டியில் போனவர். மளமளவென்று கணக்குப் போட்டு, பாதியைச் சமையல் விறகுக்குப் பின்னால் அடுக்கினார். மீதியை உள்ளறைக் கட்டில்களில் நீட்டாகப் படுக்க வைத்தார். தலைக்கு ஒரு சின்னப் பழம், வயிற்றுக்கு ஒரு பெரிய பழம், காலுக்கு நடுத்தரமாக. மேலே போர்வை.

"ரெண்டு உள்நோயாளி. ஐயா சந்தோஷப்படுவார்" என்றார்.

"வாசனை?"

"பினாயில் ஊத்து."

ஊற்றினேன். பினாயிலும் பலாப்பழமும் சேர்ந்த வாசனையை நான் யாருக்கும் விவரிக்க மாட்டேன். அது பாவம்.

சாமுவேல் ஐயா ஜீப்பில் வந்து இறங்கினார். பெரிய தகர டின்னிலிருந்து வழியில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் பிஸ்கட் கொடுத்துக்கொண்டே வந்தார். பெஞ்சைப் பார்த்தார், மருந்து அலமாரியைப் பார்த்தார், தலையசைத்தார். உள்ளறையை எட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அட, உள்நோயாளிங்ககூட இருக்காங்களா!"

"அசந்து தூங்கறாங்க ஐயா. எழுப்ப வேணாம்" என்றேன்.

"எழுப்பல. ஜெபம் மட்டும் பண்றேன்."

நான் தடுப்பதற்குள் கட்டிலருகே மண்டியிட்டு, கண்ணை மூடி, போர்வைமேல் கையை வைத்துவிட்டார். ஜெபம் நாலு வார்த்தை போயிருக்கும். நின்றது.

"உடம்பெல்லாம் முள்ளு முள்ளா இருக்கே?"

"வேர்க்குரு ஐயா" என்றேன். (முப்பது வருட நர்ஸ் அனுபவம்!)

"இந்தக் குளிர்லயா?" என்றவர், அடுத்த கட்டிலைப் பார்த்து, "இவருக்கு?" என்றார்.

"அதே வேர்க்குருதாங்க. ஒரே குடும்பம்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஐயா ஒரு நல்ல மனிதர். தொற்றிக்கொள்ளுமோ என்று பயந்தாலும் ஜெபத்தைப் பாதியில் விடவில்லை. முடித்துக் கையை எடுத்தபோதுதான் வினை வந்தது. பலாப் பிசின் போர்வையைத் தாண்டி ஊறி அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. கையோடு போர்வையும் கிளம்பியது. நோயாளியின் வயிறு மெல்ல உருண்டு, கட்டில் ஓரத்தில் ஒரு கணம் யோசித்துவிட்டு, தொபீரென்று அவர் காலடியில் விழுந்து பிளந்தது. மஞ்சள் மஞ்சளாகச் சுளை. பினாயில் தோற்றுப்போனது.

ஐயா போர்வை தொங்கும் கையோடு எழுந்தார்.

"நான் இன்னா சொல்லி அனுப்பினேன்? ஒரு பிடி சாமைகூட வாங்கக் கூடாதுன்னேன். இங்க ஒரு தோப்பே படுத்துருக்கு! மூட்டை கட்டுங்க. அடுத்த வாரம் பூட்டிடலாம்."

காளியம்மாவின் மருமகள் அதே கட்டிலில் கிடந்த கிடப்புதான் கண்ணில் நின்றது. ஒரு சொம்புச் சர்க்கரையால் இத்தனையையும் கெடுத்துவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அப்போது வாசலில் காளியம்மாவின் குரல் கேட்டது. தலையில் பலாப்பழம். அவளுக்குப் பின்னால் ஊரே நின்றது. ஆளுக்கொரு பழம்.

"சாமி, எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு பிஸ்கோத்து குடுத்தீங்களாமே. இந்தாங்க."

"வேணாம்மா, நாங்க வாங்கறதில்ல" என்றார் ஐயா.

"அப்ப பிஸ்கோத்த திருப்பி வாங்கிக்கறீங்களா? துன்னுட்டானுங்களே!"

ஐயா பிஸ்கட் டின்னை ஒருமுறை பார்த்தார். ஜீப்பில் ஏறப் போனார். காளியம்மா ஜீப்புக்கு முன்னால் பழத்தை வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க வாங்காம நான் வெறுங்கையோட வூட்டுக்குப் போவமாட்டேன். ஊரு மூஞ்சில முழிக்க வேணாமா?" என்றாள். ஊரும் உட்கார்ந்தது. ஐயா வேதத்திலிருந்து எடுத்துச் சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே பழத்தை அறுத்துச் சுளை எடுத்து நீட்டினார்கள். மதியம் தாண்டிவிட்டது, பாவம் அவருக்கும் பசி. ஒரு சுளை வாயில் போட்டார். கண்ணை மூடினார். இந்த முறை ஜெபத்துக்காக இல்லை.

ஊரார் கொண்டுவந்த பழங்களை எங்கள் அரிசிச் சாக்குகளில் கட்டி ஜீப்பில் ஏற்றியும் இடம் போதாமல், டிரைவர் மடியில் ஒரு பழத்தை வைத்துக்கொண்டு ஸ்டியரிங் பிடித்தார். ஐயா பழங்களுக்கு நடுவில் கழுத்து மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். ஜீப் புறப்படும்போது அருகில் போய், "நாங்க எப்ப காலி பண்ணணும் ஐயா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் நேராகப் பாதையைப் பார்த்தார்.

"உள்ள ஒரு நோயாளி கீழ விழுந்து கெடக்கான். இன்னொருத்தன் வேர்க்குருவோட படுத்துருக்கான். அவங்கள விட்டுட்டு எங்க போவீங்க? இருந்து பாத்துக்கோங்க."

அடுத்த வாரம் ஜீப் மறுபடி வந்தது. என் சாக்குகளைத் துவைத்து மடித்து அனுப்பியிருந்தார் ஐயாவின் மனைவி. வெறுமையாக இல்லை. உள்ளே பஞ்சு, பேண்டேஜ், இருமல் மருந்து. ஒரு வருடத்துக்குப் போன நாங்கள் என் முழங்கால் மறுக்கும் வரை அங்கேதான் இருந்தோம்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் பலாப்பழத்தை யாரும் பலாப்பழம் என்று சொல்வதில்லை. "பேஷன்ட் வந்தாச்சு" என்பார்கள். கத்தியில் எண்ணெய் தடவுவதற்குள் பேத்தி ஓடிப்போய் போர்வை கொண்டுவந்து மூடுவாள். பேரன் மண்டியிட்டு, மேலே கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்:

"இவருக்கு இன்னா வியாதி?"

வீடே சேர்ந்து சொல்லும்: "வேர்க்குரு!" எல்லோரையும் விடச் சத்தமாகச் சொல்வது என் வீட்டுக்காரர். சொல்லி முடித்து விசிலும் ஊதுவார்.