காருக்கு வச்ச வெந்நி

சிரிக்காம என்ன செய்ய ஏட்டி செல்லம்மா? கொதிச்சுக் கெடக்க காருல ஒனக்க மவன் பச்சத்தண்ணிய ஊத்துகான், பாத்துட்டுல்லா வாறேன். வெந்நிக்காரரு இருந்திருந்தா அவன் செவியப் பிடிச்சுத் திருகியிருப்பாரு. இந்த நாஞ்சில்நாட்டுல காருக்கு வெந்நி கேட்டு வீடு வீடா ஏறுன மனுசன் அவரு ஒருத்தருதான்.

நம்ம ஊரு சென்னை ராச்சியத்தோட சேருததுக்கு முந்தி, சுசீந்திரத்துல வாடகைக்கு ஓடுனது அவருக்க கார் ஒண்ணுதான். பேரு என்னமோ உண்டு. பெண்டாட்டிக்கே மறந்துபோச்சு.

"எஞ்சினுக்குள்ள தீயில்லா எரியுது. அந்தச் சூட்டத் தண்ணி சொமந்துகிட்டு முன்னால வரும். பங்கா காத்துல ஆறிட்டு, திரும்ப உள்ள போவும். நம்ம சாமி தேரு மாதிரி நாலு தெருவும் சுத்தி நிலைக்கு வரணும். நடுவுல நின்னா கொதிதான்." கேக்காதவுகளுக்கும் சொல்லுவாரு.

கொதிச்ச எஞ்சினுல பச்சத்தண்ணி விட்டா இரும்பு வெடிச்சிருமாம். வெந்நிதான் ஊத்துவாரு, அதுவும் நாக்குல வச்சு ருசி பாத்துட்டு. முட்டத்துல ஒரு வீட்டுல கொடுத்தத அங்கயே துப்பிட்டாரு. "உப்பு. உள்ள துரு பிடிக்கும். நீங்க குடிங்க."

காருல ஒரு தகர டின்னு நெறைய நல்லதண்ணி எப்பவும் உண்டு. கொதிக்காத நாளைக்கு ஊத்துததுக்கு. கல்யாண வீட்டுக்குப் போயிட்டு காருல வந்த பெரியவரு ஒருத்தருக்கு லட்டு தொண்டையில அடைச்சு, கண்ணு ரெண்டும் வெளிய வந்து நிக்கி. இவரு டின்னத் தொட விடல்லியே! "அது காருக்குள்ளது. முதுகுல தட்டுங்க."

எனக்க மூத்தவனப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனது இந்த ஆளுக்க காருலதான். கூட எங்க மாமியாரு. வில்லுக்குறி தாண்டல, பங்காவச் சுத்துத பெல்ட் அறுந்துபோச்சு. முன்னால ஆவி குபுகுபுன்னு வருது. கொதி காருக்கு, வலி எனக்கு.

"ஓய், பிள்ள வரப்போவுது! டின்னுல தண்ணி இருக்குல்லா, ஊத்தும்!" மாமியாரு கத்துகா.

"அது பச்ச. வெடிச்சிரும்." தோள்ல கெடந்த துண்ட முறுக்கி பெல்டுக்குப் பதிலாக் கெட்டிட்டு, பக்கத்து வீட்டுல ஏறுனாரு. "அம்மா, ஒரு பானை வெந்நி வேணும்."

"பிரசவத்துக்கா?"

"இல்ல, காருக்கு."

அந்தப் பொம்பள என்னப் பாத்தா, காரப் பாத்தா. பெறவு அடுப்ப மூட்டிட்டா.

தண்ணி கொதிச்சுது. இவரு ருசியும் பாத்தாச்சு. பானையத் தூக்கிட்டு காருக்கு வாறதுக்குள்ள நான் இனி நகர முடியாதுன்னு ஆயி, என்ன அந்த வீட்டுக்குள்ளயே கெடத்திட்டாவ.

"வெந்நி! வெந்நி எங்க?" மாமியாரு உள்ள இருந்து அலறுகா. வாசல்ல பானையோட இவரு. 'அது காருக்குள்ளது'ன்னு சொல்லப்போறாருன்னு நான் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்.

மொகத்த அந்தால திருப்பிக்கிட்டு வந்தாரு. பானைய நடையில வச்சாரு. திரும்பிப் போயி டின்னையும் கொண்டாந்து பக்கத்துல வச்சாரு. "சூடு கூடுதல். பச்சத்தண்ணி கலந்துக்கிடுங்க."

வெந்நியில பச்சத்தண்ணி கலக்கச் சொல்லி அவரு வாயில வந்தது அன்னைக்கு மட்டுந்தான். மூத்தவன் அந்த வீட்டுலயே பெறந்தான்; தண்ணியில்லாத கார மறுநாளு மாடு கெட்டித்தான் இழுத்தாவ.

அதுக்குப் பெறவு எங்க கண்டாலும், கார் மூடியத் தொட்டுப் பாக்குத மாதிரியே புறங்கைய எனக்க மவன் நெத்தியில வைப்பாரு. "கொதி இல்ல"ன்னுட்டுப் போயிருவாரு. அவன் இப்பம் பேரன் எடுத்தாச்சு. ஊருக்கு வந்தான்னா நானும் நெத்திய ஒருக்கத் தொட்டுப் பாத்துக்கிடுவேன், அவருக்கும் சேத்து...

ஐயோ, அடுப்புல உலை பொங்கி ஊத்துது. நில்லு, வாறேன்.