பஜ்ஜி அடுப்பில் பச்சையான தேவி

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் அருவிக்குக் கூட்டம் வரும். இந்த வருஷம் அருவியைவிடப் பெரிய கூட்டம் ஒரு பச்சோந்திக்கு வந்தது. மன்னிக்க வேண்டும், பச்சோந்தி அல்ல; வர்ணதேவி. நெற்றியில் குங்குமமும் கழுத்தில் ஜரிகை நூலுமாக, வெட்டி நட்டுவைத்த கொய்யாக் கிளையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு நிறத்தால் பதில் சொன்னாள். கறுத்தால் தோஷம், பச்சையானால் யோகம். பதிலுக்குப் பொருள் சொல்ல வர்ணசித்தர் இருந்தார். போன சீசனில் இதே இடத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டவர்தான். ஒரே வருஷத்தில் ஞானம் வந்துவிட்டது.

திருவேங்கடம் ஊர்க்காரர் தளவாய் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். குண்டுக்குப் பயப்படாத மனுஷன் ஒன்றரைச் சாண் பிராணிக்கு முன்னால் கைகட்டி நின்றார். பக்கத்தில் நின்ற மகள் அனுசியாவுக்குப் போலீஸ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பயிற்சிக்குச் சேர வேண்டும். அனுப்பலாமா என்று கேட்டார். தேவி கறுத்திருந்தாள். கேட்பதற்கு முன்பே கறுத்துத்தான் இருந்தாள். அதை யார் கவனித்தார்கள்?

சித்தர் சாம்பிராணிச் சட்டியைக் கிளைக்கு அடியில் வைத்து ஏதோ முணுமுணுத்தார். தேவி மெல்லப் பச்சையானாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“இது இப்போதைக்குத்தான். நாப்பத்தெட்டு நாளு பிள்ளை வாசப்படி தாண்டப்பிடாது. வாராவாரம் இங்கன கூட்டிட்டு வாரும். இல்லன்னா உடுப்பு மாட்டுத அன்னைக்கே கண்டம்.”

தளவாய் தலையாட்டினார். அனுசியா இரண்டு வருஷம் விடியுமுன் எழுந்து ஓடி வாங்கிய வேலை அந்தத் தலையாட்டலில் போயிற்று. ஆனால் அவள் கண் சாம்பிராணிச் சட்டியை விட்டு நகரவில்லை. பருத்திக் காட்டு வேலியில் இந்த ஜாதியைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறாள். மார்கழிக் காலையில் கன்னங்கரேலென்று கிடக்கும். கறுத்த உடம்பில் சூடு சீக்கிரம் ஏறும், அவ்வளவுதான் சங்கதி. வெயில் ஏறினால் பச்சை. குற்றாலத்துச் சாரலில் வருகிறவனுக்கெல்லாம் தோஷம் இருக்கத்தானே செய்யும்!

“சாமி, தேவி எங்கன இருந்தாலும் உண்மைதான் சொல்லுவாளா?” என்று பணிவாகக் கேட்டாள்.

“மலையில இருந்தாலும் மயானத்துல இருந்தாலும் உண்மைதான்,” என்றார் சித்தர், நூறு பேர் கேட்க.

அந்த வார்த்தை போதும். அனுசியா கிளையைத் தூக்கிக்கொண்டு, பத்தடி தள்ளியிருந்த சங்கரம்மாளின் பஜ்ஜிக் கடைக்கு நடந்தாள். சாரல் பட்டுத் தேவி மறுபடி கறுத்திருந்தாள். விறகடுப்பின் கதகதப்பு மட்டும் படும் தூரத்தில் கிளையைப் பிடித்தாள். கேள்வியும் இல்லை, மந்திரமும் இல்லை. ஒரு ஈடு பஜ்ஜி வெந்து எடுப்பதற்குள் தேவி பச்சை. சாரலில் நீட்டினாள்; கறுப்பு. மறுபடி அடுப்போரம் வந்தாள்.

“இந்தச் சாமி ஏமாத்துக்காரன்னா பச்சையாவு தாயி,” என்றாள்.

தேவி கிளிப்பச்சையானாள். கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது.

“தெனமும் என் அடுப்புலதான் சாம்பிராணிக்குக் கங்கு வாங்கிட்டுப் போதாரு,” என்றாள் சங்கரம்மாள். “அருள் பூரா எங்கிட்டதான் இருந்திருக்கு.”

தீட்டுப் பட்டுவிட்டது என்று சித்தர் ஏதோ சொல்லிப் பார்த்தார். பிறகு காணிக்கைத் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தார், நடை ஓட்டமாயிற்று. தேவியை மறந்துவிட்டார், தட்டை மறக்கவில்லை.

தளவாய் பச்சோந்தியை உற்றுப் பார்த்தார். “ஏட்டி, நம்ம வேலியிலயும் ரெண்டு கெடந்துச்சுல்லா?”

“கெடந்துச்சு. அதையும் யாரோ பிடிச்சுட்டுப் போயாச்சு. பருத்தியில வெட்டுக்கிளி விழுந்ததும் கண்ணேறுன்னு பூசணிக்கா உடைச்சியளே யப்பா, வெட்டுக்கிளியத் திங்குத ஆளு வேலியில இல்ல.”

தளவாய் பச்சோந்தியின் நெற்றிக் குங்குமத்தைத் துண்டால் துடைத்துவிட்டார்.

திங்கட்கிழமை இருவருமே வேலையில் சேர்ந்தார்கள். அனுசியா பயிற்சிக்குப் போனாள்; தகவல் கேட்டு வந்த வனக்காப்பாளர் கொண்டுபோய் விட்ட பச்சோந்தி கரிசல் காட்டில் பூச்சி பிடிக்கப் போனது. சித்தர் இந்நேரம் வேறு ஊரில் வேறு பிராணிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார். அங்கே வரிசையில் நிற்கிறவர்களே, பிராணியிடம் உங்கள் விதியைக் கேட்டது போதும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சாமியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். யார் நிறம் மாறுகிறது என்று பார்க்கலாம்.