ஆக்லாந்திலிருந்து என் கட்டிலுக்கு

வெங்கிட்டுவை விமானத்தில் ஏறவே விடக் கூடாது என்று சபதம் எடுத்தேன்.

வெங்கிட்டு என் மனைவி பாக்கியலக்ஷ்மியின் தம்பி. ஆக்லாந்தில் இருக்கிறான். ஒரே ஒரு சாக்லேட் பொட்டலத்தோடு வந்து இறங்குவான். வீட்டுக் கரிமீன் மொத்தத்தையும் தின்றுவிட்டு, "எங்க ஆக்லாந்துல மீனுக்கு முள்ளே கிடையாது" என்பான். ஆளுக்கு மூளையும் கிடையாது போலிருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஏசி, அது என் அறையில். அவன் வந்தால் அறை அவனுக்கு, எனக்கு ஹால். அதுவும் ஏப்ரலில்! இந்த ஊர்க் கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போய்க் காயலுக்கு அக்கரையில் வல்லார்பாடத்தில் இறக்கிவிடும்.

வருகிற ஏப்ரலில் பத்து நாள் வருவதாகச் சேதி வந்தது. நான் மிளகுத் தரகன். சாக்குத் தைக்கிற சணலை எடுத்து, மகளுடைய பூகோள உருண்டையில் ஆக்லாந்துக்கும் கொச்சிக்கும் இழுத்து அளந்தேன். பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல்! மனைவியைக் கூப்பிட்டேன்.

"பாக்கியம், இங்க பாரு. நேர் ஃப்ளைட்டே கிடையாது. சிங்கப்பூர் வரைக்கும் பத்தரை மணி நேரம். அங்க காத்துக் கிடக்கணும். அப்புறம் நம்ம நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்கு நாலரை மணி. மொத்தம் இருபது மணி நேரம்!"

"அம்மாடி!"

"கால் ரெண்டும் வீங்கித் தூணாயிடும். அங்க விடியும்போது இங்க ராத்திரி. உறக்கம் நேராகவே ஒரு வாரம் ஆகும். பத்து நாளுக்காக இந்தப் பாடு வேணுமா?"

"அவன்மேல ஒங்களுக்கு இத்தன ஸ்நேகமா?"

"பின்னே? என் கூடப்பொறந்தவன் மாதிரியில்ல!" சொல்லும்போதே நாக்குக் கூசியது.

அப்போதுதான் அவள் கையிலிருந்த ஃபோனைக் கவனித்தேன். நான் பேசியதை முழுக்கப் பதிந்து தம்பிக்கே அனுப்பிவிட்டாள். நல்லதாகப் போயிற்று, பயந்து டிக்கெட்டை ரத்து செய்வான் என்று மகிழ்ந்தேன். மகிழ்ந்த என்னை எதால் அடிப்பது?

மறுநாள் சாயாவோடு வந்தாள்.

"வெங்கிட்டு டிக்கெட்ட மாத்திட்டான்."

"கேன்சலா?"

"ச்சே! நீங்க சொன்னது ரொம்ப சரியாம். அத்தன தூரம் வந்துட்டுப் பத்து நாள் மதியாகாதாம், போதவே போதாதாம். எழுபத்தஞ்சு நாள் லீவு போட்டுட்டான். அத்தான மாதிரி யாரு யோசிப்பாங்கன்னு ஒரே அழுகை."

எழுபத்தைந்து நாள் இவன் இல்லாமல் ஆபீஸ் நடக்கும் என்றால், இவன் அங்கே என்னதான் கிழிக்கிறான்?

"பயண க்ஷீணம் மாறப் பகல்லயும் உறங்குவான். ஒங்க தலகாணிய ஹாலுக்கு மாத்தியாச்சு."

"பாக்கியம், நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"நீங்க சணல இழுக்கும்போதே தெரியும், எதுக்கு அளக்குறீங்கன்னு" என்றாள். சாயாவில் சர்க்கரையும் இல்லை.

ஏப்ரல் முதல் தேதி வெங்கிட்டு வந்து இறங்கினான். கால் வீங்கவில்லை. வீட்டில் இருப்பது ஒரே கொசுவலை. அதற்குள் பாக்கியம் படுத்துக்கொள்கிறாள். என் கட்டிலிலிருந்து ஹாலுக்குத் தூரம் பதினோரு அடி. போய்ச் சேர அரை நிமிடம். திரும்பி வர எழுபத்தைந்து நாள்.