நாக்கு குடித்த கறுப்பு பீர்

நான் நிறையப் பேர் மீது பொறாமைப்பட்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் வேலையில் சேர்ந்து எனக்கு முன்னால் பதவி உயர்வு வாங்கியவர், ஐம்பது வயதிலும் முடி கொட்டாத மைத்துனர், செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரைக்கும் எலெக்ட்ரிக் ரயிலில் நின்றுகொண்டே தூங்கத் தெரிந்தவர் என்று அந்தப் பட்டியல் நீளம். ஆனால் இன்னொரு மனிதருடைய நாக்கின் மீது பொறாமைப்பட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறை ஒன்பது வருடம் நீடித்தது.

அந்த மனிதருக்கு ஊரில் பெயரே ‘நாக்கு’. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் காப்பிக்கொட்டை வறுத்து, அரைத்து விற்கும் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது, அவருக்கே மறந்திருக்கலாம். கடைக்கு டெலிபோன் வந்த புதிதில் ரிசீவரை எடுத்து, “ஹலோ, நாக்கு பேசறேன்” என்பார். பாதிப் பேர் பயந்து வைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு நாள் காலையிலும் புதிதாக அரைத்த தூளில் காப்பி போட்டு, ஒரு ஸ்பூன் எடுத்து உறிஞ்சுவார். ‘ஸ்ஸ்ஸ்ர்ர்ப்’ என்று ஒரு சத்தம். இரண்டாம் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் வண்டி வந்துவிட்டதென்று மூட்டையைத் தூக்கியிருக்கிறார்கள். உறிஞ்சியதை விழுங்கமாட்டார். பித்தளைச் சொம்பில் துப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்.

அந்த நாக்கை அவர் வளர்த்த விதம் இருக்கிறதே, பணக்கார வீட்டில் ஒற்றைப் பிள்ளையைக்கூட அப்படி வளர்க்கமாட்டார்கள். மிளகாய் கிடையாது. ஊறுகாய் கிடையாது. வெற்றிலை, பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. சாராயம், பிராந்தி, பீர் வகையறாக்கள் எதிர்த் தெருவில் இருந்தால்கூட இவர் இந்தத் தெருவை விட்டு வேறு தெரு வழியாகப் போவார். மூன்று வேளையும் தயிர் சாதம். மோர் மிளகாயைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

இந்த நாக்கினால்தான் அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அச்சரப்பாக்கத்தில் ஒரு சைவக் குடும்பத்தில் பெண் பார்க்க என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஜ்ஜியும் கேசரியும் வந்தன. பஜ்ஜியில் ஒரு விள்ளல் வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

“இந்த எண்ணெயில நேத்து கருவாடு வறுத்துகீறீங்க.”

பெண்ணின் அப்பா, “யாரைப் பார்த்து என்ன பேச்சு பேசறீங்க!” என்று எழுந்தே விட்டார். கூட்டத்தில் ஒருவர் மட்டும், பெண்ணின் தாய்மாமன், மெல்லத் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார். சம்பந்தம் முறிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நாக்கு என்னிடம் வருத்தப்பட்டார்: “பொண்ணு நல்ல பொண்ணு ரைட்டரு. ஆனா பஜ்ஜி பொய் சொல்லுதே, நான் இன்னா பண்றது?”

ரைட்டர் என்பது நான்தான். கடைக்கு எதிரிலிருந்த ஆபீசில் குமாஸ்தா. பத்திரிகைகளுக்குக் கதை எழுதி அனுப்புவேன். அனுப்பிய வேகத்திலேயே அவை வீடு திரும்பும். நாக்கு என்னை ‘ரைட்டரு’ என்று கூப்பிடப் போக, தெருவில் பாதிப் பேர் நான் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள். எழுத்தினால் அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

இப்போது என் பொறாமைக்கு வருகிறேன். நாக்கின் ருசியறிவைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த ருசியை அவர் சொல்லும் விதம் இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நாள் சிக்கரி கூடிப்போன காப்பியைத் துப்பிவிட்டு, “இது ரிடையரான ஹெட்மாஸ்டர் மாதிரி கீது. சத்தம் போடுது, யாரும் பயப்படல” என்றார். நான் அன்றைக்கு ஒரு கதையில் ஹெட்மாஸ்டரை வர்ணிக்க முடியாமல் எட்டுத் தாளைக் கிழித்துப் போட்டிருந்தேன். இந்த மனிதர் போகிற போக்கில் துப்பிவிட்டுச் சொல்கிறார்!

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஒரு முறை நாக்கு வந்து என் மனைவி கொடுத்த காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். “அண்ணி, இன்னிக்கு யார் மேலயோ கோவமா கீறீங்க. பால் பொங்கி வழிஞ்சப்புறம்தான் இறக்கிகீறீங்க” என்றார். என் மனைவியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. “பாத்தீங்களா? நீங்களும்தான் தினம் ரெண்டு வேளை குடிக்கிறீங்க. கோவத்தைக் கண்டுபிடிச்சிருக்கீங்களா? காப்பியையாவது கண்டுபிடிச்சிருக்கீங்களா?” என்றாள். அன்று ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் பீட்டர் வந்து சேர்ந்தார். இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு, நானும் நாக்கும் பழகி ஒன்பதாவது வருடம். பீட்டர் டென்மார்க்காரர். சொந்த ஊரில் சின்னதாக பீர் காய்ச்சி விற்பவர். குளிர்காலம் வந்தால் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்கிவிடுவார். முந்தைய வருடம் ரயிலிலிருந்து இறங்கி, வறுக்கும் வாசனையைப் பிடித்துக்கொண்டே கடைக்கு வந்து, நாக்கு உறிஞ்சித் துப்பித் தீர்ப்புச் சொல்வதை வாய் பிளந்து பார்த்துவிட்டு, இரண்டு கிலோ கொட்டை வாங்கிப் போயிருந்தார். இந்த வருடம் நேரே கடை வாசலில் வந்து நின்று கையை ஆட்டி ஏதோ பேச, நாக்கு ஆபீஸ் ஜன்னலுக்குக் குரல் கொடுத்தார்.

“ரைட்டரு, ஓடியா! பீட்டர் வந்துகீறாரு. இன்னா சொல்றாருன்னு கேளு.”

எங்கள் பக்கம் இங்கிலீஷில் அளப்பதை ‘பீட்டர் விடுறது’ என்பார்கள். பீட்டரிடமே பீட்டர் விடும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. விஷயம் இதுதான்: நாக்கு கொடுத்த காப்பிக்கொட்டையையும் கொக்கோவையும் போட்டு, ஸ்டௌட் என்று ஒரு கெட்டியான கறுப்பு பீர் காய்ச்சியிருக்கிறார். ஆறு பாட்டிலைக் காலுறைக்குள் சுற்றி எடுத்து வந்ததில் இரண்டு உடைந்து, சட்டையெல்லாம் காப்பிக் கலர். மீதி நான்கில் முதல் வாய் நாக்குதான் ருசி பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, மாமல்லபுரத்தில்.

பீர் என்றதும் நாக்கு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று நாள் யோசித்தார். சனிக்கிழமை என்னிடம் வந்தார்.

“கொட்டை என்னுது. எங்கூட்டுப் பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. புகுந்த வூட்டுல எப்டி கீறான்னு போய்ப் பாக்க வாணாமா? பாத்துட்டுத் துப்பிட்டு வந்துடறேன்.”

மறுநாள் பித்தளைச் சொம்பைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். மூடிய சொம்போடு சமுத்திரக் கரைக்குப் போகிறவரைப் பார்த்து பஸ்ஸே உச்சுக் கொட்டியது. திருக்கழுக்குன்றத்தில் ஏறிய ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, “யாருப்பா தவறிட்டாங்க?” என்று கேட்டாள்.

“யாரும் தவறல. டென்மார்க்குலேர்ந்து திரும்பி வந்துகீறா.”

அந்த அம்மாள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வேறு பஸ் பிடித்தாள்.

லாட்ஜ் வராந்தா கடலைப் பார்த்தபடி இருந்தது. பீட்டர் மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினார். தார் மாதிரிக் கறுப்பு. மேலே பழுப்பு நுரை. நான் ஒரு வாய் குடித்தேன். சுக்குக் கஷாயத்தில் சோடா விட்டது போலிருந்தது. சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

நாக்கு ஐந்து நிமிஷம் மோந்து பார்த்தார். பிறகு உறிஞ்சினார். மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நாக்கு சொம்பில் துப்பினார். கண்ணை மூடினார்.

“மொதல்ல கரி. அடுப்பு அணைச்சுட்டு எல்லாரும் எழுந்து போய்ட்ட வூடு. அப்பால ரவ நேரம் கழிச்சு என் காப்பி வர்றா. புதுப் பொண்ணு, கூப்டாதான் வெளிய வருவா. இந்தக் கொக்கோ கீதே, அதான் மாமியாரு. வாயில சிரிப்பு, இடுப்புல சாவி. ரெண்டு பேரும் இன்னும் சண்டை போட்டுகினுதான் கீறாங்க. ஆனா ஒரே வூட்டுலதான் இருப்பாங்க. கடைசில இன்னமோ நிக்குது பாரு... அழுதுட்டு மூஞ்சி கழுவினா ஒதட்டுல நிக்குமே, அது.”

சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கும்படி என்னைப் பார்த்தார். பீட்டரும் பேனாவும் நோட்டுமாக என்னைப் பார்த்தார். ஒன்பது வருடப் பொறாமை என் தொண்டைக்கு வந்து நின்றது. ‘ஹீ சேஸ்’ என்று ஆரம்பிக்க வேண்டிய நான், “ஐ திங்க்” என்று ஆரம்பித்துவிட்டேன்.

முழுவதையும் சொன்னேன். அணைந்த அடுப்பு, புதுப்பெண், மாமியாரின் இடுப்புச் சாவி, கழுவிய முகம், ஒன்று விடாமல், எல்லாம் என் சரக்காக. பீட்டர் எழுதி முடித்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீ கவிஞன் என்றார். இத்தனை வருடத்தில் என்னை அப்படிச் சொன்ன முதல் மனிதர். என் காது சூடானது.

“இன்னா சொல்றாரு?” என்றார் நாக்கு.

“நல்லாச் சொன்னேன்னு சொல்றாரு.” இலக்கணப்படி அது பொய்கூட இல்லை.

பிறகு பீட்டர் கேட்டார்: உங்கள் நண்பர் என்ன சொன்னார்?

“‘குட்’ என்றார்” என்றேன்.

அவ்வளவு நேரம் பேசியது ‘குட்’ மட்டும்தானா என்று பீட்டர் புருவத்தைத் தூக்கினார். தமிழ் கொஞ்சம் நீளமான மொழி என்றேன்.

பீட்டரின் முகம் வாடிவிட்டது. இரண்டு பாட்டிலை உடைத்துக்கொண்டு அவர் கடல் கடந்து வந்தது இந்த நாக்கின் ஒரு சொல்லுக்காக. அவர் பார்வை துப்பிய சொம்பின் மீது போய் நின்றது. நாக்கு அதைப் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். சொம்பைத் தூர நகர்த்தினார். டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து, தீர்த்தம் போல உயர்த்தி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துத் தீர்த்தார். பிறகு பீட்டரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினார். பீட்டர் சிறு பிள்ளை மாதிரி சிரித்தார்.

அதற்கப்புறம் நடந்தவை வரலாறு. அரை மணியில் நாக்கு கடலோரம் போய் நின்றுகொண்டு, “உப்பு ஜாஸ்தி! எவ்ளோ நாளா சொல்றேன்!” என்று சமுத்திரத்தை அதட்டினார். கட்டுமரத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, “என் பொண்ணு நல்லாகீறா அண்ணாத்த” என்று அழுதார். அவரும் காரணம் கேட்காமல் கூடவே அழுதார்.

மறுநாள் காலை சந்தில் அந்த உறிஞ்சல் சத்தம் கேட்கவில்லை. கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: ‘நாக்குக்கு விடுமுறை.’

“செத்துப்போச்சு ரைட்டரு. தண்ணியும் காப்பியும் ஒண்ணா கீது” என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் எனக்கு உள்ளூரக் குஷியாகத்தான் இருந்தது. கால் மேல் கால் போட்டுக் காப்பி குடித்தேன். இப்போது ஊரில் எல்லா நாக்கும் ஒரே நாக்கு. இரண்டாம் நாள் சாத்துக்குடியோடு ஆட்கள் துக்கம் விசாரிக்க வர ஆரம்பித்தார்கள். ருசி பார்க்காமல் அரைத்த தூளில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு என் மனைவி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். மூன்றாம் நாள் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாக்கு கைக்கண்ணாடியின் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்கிறவர் மாதிரி. என்னால் அதற்குமேல் ஃபைல் பார்க்க முடியவில்லை.

போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். “நீ சொன்னதையெல்லாம் நான் சொன்னதா சொல்லிட்டேன். நீ ‘குட்’னு மட்டும் சொன்னதா சொல்லிட்டேன். அதனாலதான் அவர் முகம் வாடிச்சு. அதனாலதான் நீ குடிச்சே.”

நாக்கு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். “தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“‘ஐ திங்க்’னு ஆரம்பிச்சியே, அப்பவே தெரியும். ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல கடை வச்சிகினு கீறேன், அத்தினி இங்கிலீஷ் தெரியாதா?”

“அப்புறம் ஏன் அங்கேயே கேக்கலை?”

“எப்டிக் கேக்கறது? அவரு உன் கையப் புடிச்சு ஆட்டறாரு, உன் மூஞ்சி அப்டிக் கீது. ஒம்போது வருஷத்துல நீ அவ்ளோ சந்தோசமா இருந்து நான் பாத்ததில்ல. அத்தக் கெடுக்கச் சொல்றியா? ஆனா அந்த மனுசனுக்கும் நான் ஒண்ணு சொல்லணுமே. சொல்ல வேண்டியத நீ எடுத்துகினே. குடிச்சுதான் காட்ட முடிஞ்சுது.”

நான் அங்கேயே காப்பி மூட்டை மீது உட்கார்ந்துவிட்டேன். அன்று மத்தியானமே, ‘ஹீ சேஸ்’ என்று ஆரம்பித்து பீட்டருக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். நாக்குக்கு ருசி திரும்ப இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. அந்தச் சத்தம் கேட்டதும் ஆபீசில் மொத்தப் பேரும் எழுந்து நின்றோம்.

அவருடைய நாக்கின் மீது எனக்கிருந்த பொறாமை அன்றோடு போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. அவர் நாக்கிலிருந்து ஒரு சாண் கீழே இறங்கி, இடது பக்கமாக நின்றுகொண்டது.