உதாரணத்துக்கு ஓர் ஆள் வேணுமுங்க

எங்கள் கம்பெனியின் நிலையாணைப்படி, அறிவிப்புப் பலகையில் பணியாளர் துறை மேலாளரின் கையெழுத்து இல்லாத எதுவும் இடம்பெறக் கூடாது. அந்த மேலாளர் நான்தான். என் கையெழுத்தோடு அங்கே ஒட்டப்பட்ட எதையும் யாரும் படித்ததில்லை. கையெழுத்து இல்லாமல், பலகையின் கீழ்ப்பாதியில் சாக்பீஸால் எழுதப்பட்டதைப் படிக்காமல் யாரும் உள்ளே போனதில்லை. எழுதியவர் பேக்கிங் சூப்பர்வைசர். எல்லோருக்கும் அவர் ‘மீனிங்’. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பனியனே போடாமல் திருப்பூரில் வாழ்ந்து முடித்தவர்கள் இருக்கலாம். மீனிங்கின் உதாரண வாக்கியத்தில் சிக்காமல் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தவர் ஒருவரும் கிடையாது.

கம்பெனி நெருப்பெரிச்சலில், அவர் வீடு ஊருக்கு அந்தக் கோடியில், அருள்புரத்தில். இரண்டு பஸ் மாறி, காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே வந்து சேர்ந்து, காதில் செருகிய சாக்பீஸை எடுத்து அன்றைய ஆங்கிலச் சொல்லை எழுதுவார். அதன் கீழே தமிழில் ஒரு வரி விளக்கம். அதற்கும் கீழே உதாரணம். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. ஆங்கிலம் முழுவதும் அட்டைப் பெட்டியிலிருந்தும் துணியில் தைக்கும் லேபிளிலிருந்தும் பொறுக்கியது.

ஒருமுறை வீடு மாற்றுவதற்காகக் காலிப் பெட்டி கேட்டுப் பேக்கிங் பக்கம் போனேன்.

“குடுத்துப் போடறனுங்க சார். கார்ட்டன்னு வெச்சு ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிப் போடுங்க.”

நான் எம்.ஏ. “கார்ட்டன் காலியாக இருக்கிறது” என்றேன்.

மீனிங் எழவு வீட்டுக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். “இது செத்த வாக்கியமுங்க சார். உள்ள ஆளே இல்லீங்களே. தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தாத்தானுங்க வார்த்தை மனசுல ஒட்டும்.”

மறுநாள் பலகையில் இருந்தது: ‘கார்ட்டன் – அட்டைப் பெட்டி. உதாரணம்: எச்.ஆர். சார் வீடு மாறுகிறார். ஓசியில் கார்ட்டன் கேட்கிறார்.’ அன்று மாலைக்குள் முந்நூறு பேருக்குக் கார்ட்டன் என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது.

‘தின் – கெட்டியாக இல்லாதது. உதாரணம்: கேன்டீன் சாம்பார் தின். அடியில் தட்டு தெரிகிறது.’ இதற்குக் கேன்டீன்காரர் என் அறைக்கு வந்து குதித்தார். ஆனால் அடுத்த நாள் சாம்பாரில் கரண்டி நின்றது. அதற்கடுத்த நாள் பலகையில்: ‘இம்ப்ரூவ் – நேற்றைவிட இன்று நன்றாக ஆவது. உதாரணம்: சாம்பார் இம்ப்ரூவ் ஆகிவிட்டது. நன்றி.’ கேன்டீன்காரர் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாக வைத்துக்கொண்டார். சாம்பார் குறித்து நான் முறைப்படி அனுப்பியிருந்த நினைவூட்டல்கள் எந்த ஸ்டேட்டஸிலும் ஏறவில்லை.

பிறகு ஒரு நாள், ‘ஹெசிடேட் – வாய்வரை வந்ததை விழுங்குவது. உதாரணம்: கட்டிங் குமார் மூன்றாவது லைன் பக்கம் வந்தால் ஹெசிடேட் செய்கிறார்.’

மூன்றாவது லைனில் தைத்துக்கொண்டிருந்த செல்லத்தாய் சங்கரன்கோவில்காரி. டீ நேரத்தில் நேராகப் பேக்கிங்குக்கு வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, அவரு ஹெசிடேட் பண்ணுதாருன்னு எழுதினியளே, எதுக்குன்னு எழுதலியே?”

“எழுதுனா வாக்கியம் நீளமாயிரும் கண்ணு. நீயே கேட்டுக்கோ.”

கேட்டாள். அந்த ஆவணியில் கல்யாணம். பத்திரிகையில் பெற்றோர் பெயர்களுக்கு அடுத்தபடி மீனிங்கின் பெயர், அடைமொழி இல்லாமல், மீனிங் என்றே அச்சாகியிருந்தது.

இப்படியே போயிருந்தால் விதியை நானும் மறந்திருப்பேன். அவருடைய கடைசி வருடத்தில், பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், பலகையில் இது வந்தது: ‘பங்சுவல் – சொன்ன நேரத்துக்கு வருவது. உதாரணம்: நமது சங்கு பங்சுவல். சின்ன முதலாளி பங்சுவல் இல்லை.’

சின்ன முதலாளி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். பதினொன்றரை மணிக்குக் காரை நிறுத்திப் படித்தார். என்னைக் கூப்பிட்டார்.

“இதுக்கெல்லாம் ரூல் கிடையாதா சார்?”

“இருக்குங்க சார். அதே போர்டுலதான் ஒட்டியிருக்குது.”

“அப்புறம் ஏன் யாரும் ஃபாலோ பண்றதில்லை?”

“அதுல உதாரணம் இல்லீங்க.”

அவர் சிரிக்கவில்லை. கோவையிலுள்ள சட்ட ஆலோசகர், நிர்வாகத்தை ‘ரிடிக்யூல்’ செய்ததாக, அதாவது கேலிப்பொருளாக்கியதாக, குற்றச்சாட்டு தயாரித்து அனுப்பினார். விசாரணை அதிகாரியாக நான் நியமிக்கப்பட்டேன். குற்றம் உறுதியானால் தண்டனை பணிநீக்கம் என்பதை விசாரணைக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். பல இடங்களில் அதுதான் நடைமுறை.

விசாரணை காலை பத்து மணிக்கு. புகார்தாரரான சின்ன முதலாளி பத்து மணிக்கு வரவில்லை. விதிப்படி ஒத்திவைத்தேன். இரண்டாம் முறையும் ஒத்திவைத்தேன். மூன்றாம் முறை மீனிங் தம் தரப்புச் சாட்சியாகச் சங்கை விசாரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

“சங்கு பேசாதுங்களே” என்றேன்.

“அது நேரத்துக்குப் பேசுதுங்க சார். அதத்தானுங்க எழுதியிருக்கறன்.”

எழுத்துமூலம் வந்த கோரிக்கையை எழுத்துமூலம்தான் நிராகரிக்க வேண்டும். சங்கை ஏன் சாட்சியாக ஏற்க இயலாது என்று காரணங்களோடு ஓர் உத்தரவு எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய மிகச் சிறந்த உத்தரவு அதுதான்.

ஒருவழியாக விசாரணை நடந்தது.

“நிர்வாகத்தை ரிடிக்யூல் செய்யும் நோக்கத்தோடு எழுதினீர்களா?”

“அந்த வார்த்தை இன்னும் போர்டுக்கே வரலீங்க சார். வராத வார்த்தைய எப்படீங்க செய்யறது?”

எல்லோரும் போன பிறகு மீனிங் மட்டும் உட்கார்ந்திருந்தார். காதில் இருந்த சாக்பீஸை எடுத்துக் கையில் உருட்டினார்.

“அதிகாரிகிட்ட இல்லீங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். மே மாசக் கடைசியோட எனக்கு வயசு முடியுதுங்க. ரிட்டையர்னு ஊட்டுக்குப் போகோணுமுங்க சார். டிஸ்மிஸ்னு போனா ஊட்டுக்கார அம்மணி மீனிங் கேப்பாளுங்க. அதச் சொல்லிப் போடுவனுங்க. அப்பறம் உதாரணம் கேப்பாளுங்க...”

அவர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை அன்றுதான் பார்த்தேன்.

விதிப்படிதான் நடப்பேன் என்றேன். முகம் வாடி எழுந்து போனார். விதிகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு கோப்பினை வேகமாக நகர்த்துவதற்கு விதிப் புத்தகத்தில் வழியே கிடையாது. மெதுவாக நகர்த்துவதற்குப் பக்கத்துக்கு ஒன்று உண்டு. குற்றச்சாட்டு ஆங்கிலத்தில் இருந்ததால் தமிழாக்கம் தேவைப்பட்டது. தமிழாக்கம் சரிதான் என்று ஒருவர் சான்றளிக்க வேண்டியிருந்தது. சான்றளித்தவருக்கு அந்தத் தகுதி உண்டா என்று ஆலோசகரைக் கேட்க வேண்டியிருந்தது. பலகையைப் புகைப்படம் எடுத்தபோது சின்ன முதலாளியின் காரும் படத்தில் விழுந்துவிட்டதால், காரும் ஆவணத்தில் சேருமா என்று தனியாக ஒரு கடிதம். இதற்கிடையே பலகையில் தினமும் சொல் வந்துகொண்டுதான் இருந்தது. இடைக்காலத் தடை விதிக்குமாறு எவரும் என்னிடம் முறைப்படி கேட்கவில்லை.

மே மூன்றாம் வாரம் எல்லா ஐயங்களும் தீர்ந்து கோப்பு திரும்பி வந்தது. பணிநீக்க உத்தரவில் கையெழுத்துப் போடச் சின்ன முதலாளி பேனாவைத் திறந்துவிட்டார்.

“ஒரே ஒரு சந்தேகமுங்க சார்” என்றேன். “ரிடிக்யூல்னா என்னன்னு நம்ம நிலையாணையில எங்கயும் சொல்லலீங்க. நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா நிக்காது.”

பேனாவை மூடினார். “கேட்டு எழுதுங்க. சீக்கிரம்.”

அன்றே ஆலோசகருக்கு எழுதினேன், பதிவுத் தபாலில்: ‘மேற்படி சொல்லின் பொருளை எளிய ஒரு வரியில் விளக்கி, உதாரண வாக்கியம் ஒன்றும் அளிக்கக் கோருகிறேன். உதாரணத்தில் தெரிந்த ஆள் ஒருவர் இடம்பெறுவது நலம்.’

மே முப்பத்தொன்று மாலை பேக்கிங் செக்‌ஷனில் வழியனுப்பு விழா. சின்ன முதலாளி வந்து சேர்வதற்குள் மாலை போட்டு முடித்துவிட்டோம். செல்லத்தாயும் குமாரும் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். பலகையில் காலையிலேயே எழுதியிருந்தார்: ‘ரிட்டையர் – வேலை முடிந்து, நல்ல பெயரோடு வீட்டுக்குப் போவது. உதாரணம்: இன்று நான்.’ அதைப் பார்க்க அருள்புரத்திலிருந்து அம்மணியையும் அழைத்து வந்திருந்தார்.

சட்ட ஆலோசகரின் பதில் சுருக்கமாகவும் தெளிவாகவும், நான் கேட்டபடியே உதாரணத்தோடும் வந்து சேர்ந்தது, ஜூன் ஒன்றாம் தேதி.