எழுந்திருக்க ஒரு நாற்காலி

ஆவடியில் முழங்கால் நல்வாழ்வு மையம் உரிய முறையில் திறந்துவைக்கப்பட்டது. பெயர்ப்பலகை வந்தது, குத்துவிளக்கு வந்தது, ஜம்புலிங்கம் என்ற கண்காணிப்பாளரும் வந்தார். நோயாளிக்கான நாற்காலி மட்டும் வரவில்லை.

முதல் நோயாளி பஞ்சவர்ணம். பூந்தமல்லியில் பிறந்து, ஆவடி குவார்ட்டர்ஸில் வாழ்க்கைப்பட்டவர். இரண்டு முழங்காலும் தேய்மானம். அயனம்பாக்கத்தில் மகள் கனிமொழி இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பேத்திக்கு நாலு மாதம் ஆகியும் பாட்டி அவளை வீடியோ காலில்தான் பார்த்திருந்தார்.

"நாற்காலில உட்காருங்கம்மா. கையை ஊனாம மெதுவா எழுந்திருங்க. பத்து தடவை, ரெண்டு வேளை. தொடைச் சதை வலுவாச்சுன்னா வலி குறையும்" என்றார் பிசியோதெரபிஸ்ட் ஷோபனா.

"ஊசி கீசி ஒண்ணும் கிடையாதா?"

"கிடையாதும்மா. நாற்காலியும் கிடையாது. எழுதிக் கேட்டிருக்கேன்."

ஜம்புலிங்கம் விண்ணப்பத்தைப் படித்தார். "நோக்கம், எழுந்திருத்தல் என்று போட்டிருக்கிறீர்கள். எழுந்திருப்பதற்கு எதற்கு நாற்காலி?"

"உட்கார்ந்தாத்தானே சார் எழுந்திருக்க முடியும்?"

"அப்படியானால் உட்கார ஒன்று, எழுந்திருக்க ஒன்று என இரண்டு விண்ணப்பம் கொடுங்கள்."

கொடுத்தார். 'ஒரே நபர் ஒரே நாற்காலியை வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் கோரியிருப்பதால்' இரண்டும் திரும்பி வந்தன.

பஞ்சவர்ணம் நேரே உள்ளே போனார். "இன்னா சார் இது? உன்கிட்டதான் ஒண்ணு கீதே, அத்த குடேன்!"

"இது பதவிக்குரிய நாற்காலி. எழுந்திருப்பதெல்லாம் ஒரு சிகிச்சையா? இதோ பாருங்கள்" என்று எழுந்த ஜம்புலிங்கம், பாதியில் நின்றுவிட்டார். முழங்கால் 'கடக்' என்றது. பஞ்சவர்ணம் ஒரு கையையும் ஷோபனா ஒரு கையையும் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

மூன்றே நாளில் புது நாற்காலி வந்தது. ஆனால் அது எழுந்திருக்கத் தகுதியானதா என்று ஆய்வு செய்யாமல் பொதுமக்களிடம் எப்படி ஒப்படைப்பது? ஜம்புலிங்கமே காலையும் மாலையும் பத்துப் பத்து முறை ஆய்வு செய்தார். பிறகு ஹெட் கிளார்க், பிறகு வாட்ச்மேன் பூபாலன், பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து வேனில் வந்த உயர்மட்டக் குழு. பஞ்சவர்ணம் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏழு... எட்டு... கைய ஊனாத சார்!"

செய்தி வானகரம் வரை பரவியது. அங்கே அடுக்குமாடி ஐ.டி. இளைஞர்கள் எழுந்ததை எண்ணும் கைக்கடிகாரம் கட்டினார்கள். அதில் சார்ஜ் இல்லாத நாளில் உட்கார்ந்தே இருந்தார்கள்.

ஆறு வாரத்தில் ஜம்புலிங்கம் படிகளைத் தாவி ஏறினார். பஞ்சவர்ணம் பெஞ்சைவிட்டு நகரவில்லை.

ஷோபனாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, உங்க வீட்டுல நாற்காலியே இல்லையா?"

"ஏன் இல்லாம? ஆறு கீது. ஆறுலயும் தோச்ச துணி கீது."

ஷோபனா கூடவே வீட்டுக்குப் போய் ஒரு நாற்காலியில் கிடந்த துணியை மடித்துவைத்தார். அன்று பஞ்சவர்ணம் நாலு முறை எழுந்தார். அடுத்த வாரம் பத்து. வலித்தது, வலி குறைந்தது. மூன்றாவது மாதம் அயனம்பாக்கத்தில் மூன்று மாடியும் ஏறினார். தளத்துக்குத் தளம் நின்று மூச்சு வாங்கினார். பேத்தி அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். பஞ்சவர்ணம் அழுதுகொண்டே சிரித்தார்.

மறுவாரமே மையத்திலிருந்து பஞ்சவர்ணத்துக்கு நோட்டீஸ் வந்தது: 'மையத்தின் நாற்காலியைப் பயன்படுத்தாமல், அனுமதியின்றிக் குணமடைந்தமைக்கு விளக்கம் தரவும்.'

ஷோபனா கொதித்துப்போனார். நியாயம் கேட்பதற்காக மறுநாள் காலை சீக்கிரமே வந்தார். மையத்து வாசலில் நாற்பது பேர் வரிசை கட்டி நின்றார்கள். முதல் ஆளாக, ஒரு வலியுமில்லாமல் நிமிர்ந்து நின்றவர் பஞ்சவர்ணம்.

"உங்களுக்குத்தான் சரியாயிடுச்சேம்மா! இங்க எதுக்கு நிக்கறீங்க?"

"ஊட்ல எழுந்து குணமானா, அதுக்கு யாரும்மா ஆபீஸ் சீல் வெப்பாங்க?" என்றார் பஞ்சவர்ணம். பின்னால் நின்ற முப்பத்தொன்பது பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.