இடைவேளையோடு நின்ற படம்

மாப்பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் அத்தை போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, ஒரு படத்தின் முடிவை என்னிடம் சொல்லிவிட்டீர்கள். இது குற்றம். நலம் விசாரிக்க வேண்டியது முறை. ஆனால் முடிவைச் சொல்கிறவர்கள் எப்போதும் நலமாகத்தான் இருக்கிறார்கள். சொல்லக் கேட்டவர்களைத்தான் விசாரிக்க வேண்டும்.

அந்தப் படத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கிழட்டு மோசடிக்காரனும் அவனுடைய வாலிபக் கூட்டாளியும் ஒரு பணக்காரனுக்குப் போலி ஓவியத்தை விற்கப் போகிறார்கள். அந்தப் பணக்காரனின் அலுவலகத்தில் வாயே திறக்காத ஒரு டைப்பிஸ்ட் பெண். இடைவேளைக்குச் சற்று முன்னால் பணக்காரன் தன் நகைப்பெட்டியைத் திறக்கிறான், காலி. மூவரில் ஒருவர் எடுத்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நானும் உங்கள் அத்தையும் தியேட்டரில் அதைப் பார்த்தோம். விளக்கு எரிந்ததும் “கிழவன்தான்” என்றேன். “இல்ல, வாலிபன்” என்றாள். அடுத்து அவள் சொன்ன வார்த்தை “வலிக்குது”. உங்கள் மனைவி அன்று சாயங்காலம் பத்து நாள் முன்னதாகவே பிறந்துவிட்டாள். அன்றைக்கே அவசரம், இன்றைக்கும் அப்படித்தான். மீதிப் படத்தை நாங்கள் பார்க்கவில்லை.

முடிவை யாரிடமும் கேட்பதில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பேசிக்கொண்டோம். ஒருமுறை முடிதிருத்துகிறவர் “கடைசில என்ன ஆகுதுன்னா...” என்று ஆரம்பித்தார். போர்த்திய துணியோடு எழுந்து வந்துவிட்டேன். ஒரு பக்கம் வெட்டியும் ஒரு பக்கம் வெட்டாமலும் ஒரு வாரம் என் பூட்டுக் கடையில் உட்கார்ந்தேன். சாவி போட வந்தவர்கள் சாவியை விட்டுவிட்டு என் தலையைப் பார்த்தார்கள். நான் யாரிடமும் தொழில் கற்றவன் இல்லை. பழைய பூட்டுகளைப் பிரித்துப் பிரித்து நானே கற்றேன். ஒருவன் சாவியைப் பிடித்திருக்கும் விதத்திலேயே அது அவன் வீட்டுச் சாவியா, அடுத்தவன் வீட்டுச் சாவியா என்று சொல்லிவிடுவேன். இதுவரை என்னை ஏமாற்றியவர் ஒருவரும் இல்லை. அந்தக் கிழவன் பெட்டிமேல் கை வைத்த விதத்தைப் பார்த்துத்தான் நான் சொன்னேன். உங்கள் அத்தை ஒத்துக்கொள்ள மாட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் “வாலிபன் கண்ணப் பாத்தீங்களா, திருட்டு முழி” என்பாள். “கண்ண விடு, கையப் பாரு” என்பேன். என் அப்பா இறந்தபோது நான்கு நாள் நான் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் என் முன்னால் தட்டை வைத்துவிட்டு, “என்ன இருந்தாலும் அது வாலிபன்தான்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பதில் சொன்னேன். பிறகு சாப்பிட்டேன்.

இப்படி இருந்த வீட்டில்தான் நீங்கள் பென் டிரைவோடு வந்து படத்தைப் போட்டு, சரியாக இடைவேளையில், “மாமா, ரெண்டு பேரும் தோத்தீங்க, டைப்பிஸ்ட்தான்!” என்று சிரித்தீர்கள். நான் டி.வி.யை அணைத்தேன். “என்ன மாமா, சினிமாதானே” என்றீர்கள். சினிமாதானேவா? ஒரு வீட்டுல ரெண்டு பேரு முப்பத்தொரு வருஷமா பேசிக்கிட்டிருந்த பேச்சுய்யா அது! ஒரு வாரமா எதிரெதிரா உக்காந்து, “உப்பு போதுமா?” “போதும்.” அவ்வளவுதான். வேற என்ன பேசறதுன்னு எனக்கும் தெரியல, அவளுக்கும் தெரியல. சுவத்துக் கடிகாரம் இவ்வளவு சத்தம் போடும்னு இந்த வாரந்தான் தெரிஞ்சுது.

ஆகவே நீங்கள் நேரில் வந்து அத்தையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்கள் மனைவி அந்தப் பென் டிரைவை இங்கிருந்து எடுத்துப் போக வேண்டும். உங்கள் புது வீட்டு வாசலுக்கு நான் செய்து தருவதாகச் சொன்ன பூட்டை வேறு கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். முடிதிருத்துகிறவரிடம் நான் மறுபடி பேச வேண்டும். அவராவது ஆரம்பித்ததோடு விட்டார்.

இருவரும் குறையில்லாமல் இருக்க என் ஆசி. கோபம் வேறு, ஆசி வேறு.

மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், அந்த டைப்பிஸ்டின் கையைப் பரிசோதித்துவிடலாம் என்று மீதிப் படத்தைப் போட்டேன். டைப்பிஸ்ட் இல்லை. கிழவன்! நான் சொன்ன அதே கிழவன்! கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் படத்தில் கிழவன் கடைசியாக ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசத் தொண்டையைச் செருமினான். அவன் பேசுவதற்கு முன்பே, அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த உங்கள் அத்தை சிரித்துவிட்டாள். சாவி நுழைவதற்கு முன்பே பூட்டு திறந்தால், அது ஏற்கெனவே திறந்த பூட்டு.

“எப்பப் பாத்தே?”

“கொழந்தைக்கு மூணு மாசம். அக்கா கூட்டிட்டுப் போனா.”

“அப்ப நான் சொன்னதுதான் சரின்னு தெரியும்?”

“தெரியும்.”

“பின்ன ஏன்டி இத்தனை வருஷம் எதுத்துப் பேசினே?”

“சரின்னு சொல்லியிருந்தா அன்னிக்கே பேச்சு முடிஞ்சிருக்கும். கடையிலேர்ந்து வந்தா வேற எதுக்கு வாயத் தொறந்தீங்க? டைப்பிஸ்ட்னு சொல்லச் சொல்லி மாப்பிள்ளையத் தூண்டிவிட்டதும் நான்தான். மீதிப் படம் ஓடினா உங்களுக்கு முடிவு தெரிஞ்சிடுமே. இப்படிச் சொன்னா கோவத்துல டி.வி.ய அணைச்சிடுவீங்க, இனிமே மூணு பேரா சண்டை போடலாம்னு நெனச்சேன். நம்பிடுவீங்கன்னு யாரு கண்டா?”

என்னை ஏமாற்றியவர் ஒருவரும் இல்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். மற்ற உத்தரவுகளும் ரத்து. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டும். பூட்டு தயாராக இருக்கும். சாப்பிடும்போது உங்கள் மனைவி, “நகையை யாருதாம்மா எடுத்தது?” என்று கேட்க வேண்டும். உங்கள் அத்தை வாலிபன் என்று சொல்ல வேண்டும். நான் கிழவன் என்பேன். நீங்கள் டைப்பிஸ்ட் கட்சியிலிருந்து கடைசிவரை மாறவே கூடாது.